டிஸ்கிரீட் மேத்ஸ் எடுக்கும் தம்பிக்கு

அன்புத் தம்பி,

நேற்று நீ கேட்டதற்குப் போனில் அவசரமாகப் பதில் சொல்ல மனம் வரவில்லை. கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கப் போனவனுக்கு, ஒரு வரி கோடிங்கூட இல்லாமல் தர்க்கமும் நிரூபணமுமாக இருக்கும் இந்த டிஸ்கிரீட் மேத்ஸ் பாடம் எதற்கு என்றாய். பழைய கேள்வித்தாள்களை மனப்பாடம் செய்தே பாஸாகிவிடலாம் என்று சீனியர்கள் சொல்கிறார்களாம். தயவுசெய்து அதை மட்டும் செய்யாதே.

ட்ரூத் டேபிளில், அதாவது ஒரு கூற்று எப்போது உண்மை, எப்போது பொய் என்று காட்டும் அட்டவணையில், உன்னைக் குழப்பும் அந்த ‘என்றால்’ வரிகளை எடுத்துக்கொள். ‘மழை பெய்தால் பால்வெட்டு இல்லை.’ நம் மலேசியாவின் சுங்கை சிப்புட் ரப்பர் தோட்டங்களில் பாட்டி காலத்துப் பேச்சு. இன்று வெட்டு இல்லை என்பதை வைத்து மழை பெய்தது என்று சொல்ல முடியுமா? முடியாது, தீபாவளி விடுமுறையாக இருக்கலாம். ஆனால் வெட்டு நடந்திருந்தால் மழை பெய்யவில்லை என்று அடித்துச் சொல்லலாம். முன்னது கன்வர்ஸ், பின்னது கான்ட்ராபாசிட்டிவ். மழையே இல்லாத நாளில் வெட்டு நடந்தாலும் நடக்காவிட்டாலும் பாட்டி சொன்னது பொய்யாகாது. அந்த இரண்டு வரிக்கும் ‘ட்ரூ’ போடுவது அதனால்தான்.

(‘நாட்’, ‘அண்ட்’, ‘ஆர்’ பற்றிய டி மார்கன் விதிகள் வரும்போது ஞாபகம் வைத்துக்கொள்: கணித அறிஞரான டி மார்கன் 1806-இல் பிறந்தது மதுரையில். எனக்கு அதில் கொள்ளைப் பெருமை. ‘நாட்’ உள்ளே போகும்போது ‘அண்ட்’ ‘ஆர்’ ஆக மாற வேண்டும் என்பதை மறந்து எழுதிய கண்டிஷன்களை வேலையில் அடிக்கடி பார்க்கிறேன்.)

இன்னொன்று. ஓர் எண்ணை அதே எண்ணால் பெருக்கி, அந்த எண்ணையும் 41-ஐயும் கூட்டு. 0 முதல் 39 வரை எதைப் போட்டாலும் பகா எண்தான் வரும். 40 போட்டுப் பார்: 1681. அது 41 பெருக்கல் 41. வரிசையாக நாற்பது டெஸ்ட் பாஸான புரோகிராம் அடுத்ததில் விழுவது போலத்தான். ‘இதுவரை சரியாக ஓடியது’ என்பது வேறு, ‘எதைக் கொடுத்தாலும் சரி’ என்பது வேறு. இரண்டாவதைச் சொல்லும் துணிச்சல் நிரூபணம் எழுதிப் பழகினால்தான் வரும். கோடிங்கை எப்போது வேண்டுமானாலும் கற்கலாம் தம்பி. இதை உட்கார்ந்து பழக இந்த செமஸ்டரை விட்டால் நேரம் கிடைப்பது கஷ்டம்.

அடுத்த வாரம் இண்டக்‌ஷன் என்றாயே, முதல் எண்ணுக்குச் சரி என்றும், ஓர் எண்ணுக்குச் சரியென்றால் அடுத்ததற்கும் சரி என்றும் காட்டி எல்லாவற்றுக்கும் நிரூபிக்கும் முறை. 1, 3, 5 என்று ஒற்றை எண்களை வரிசையாகக் கூட்டிக்கொண்டே போனால் எப்போதும் வர்க்க எண்தான் வரும். அதை நீயே நிரூபித்துப் பார். முதலில் கட்டத்தாளில் சதுரம் வரைந்து பார். புதிதாகச் சேரும் ஒற்றை எண் எந்தப் பக்கம் போய் ஒட்டுகிறது என்று தெரியும். எழுதியதை வாட்ஸ்அப்பில் அனுப்பு. எந்த வரியில் மாட்டிக்கொண்டாலும் அங்கிருந்தே பேசுவோம்.

அன்புடன்,
அக்கா