இந்த வியாழக்கிழமை எங்கே சாப்பாடு

ஷ்ரூஸ்பரி, மாசசூசெட்ஸ், அமெரிக்கா
24 நவம்பர் 2024, ஞாயிறு

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். நீயும் அத்தானும் பிள்ளைகளும் அம்மாவும் சுகம்தானே? போன வாரம் பேசும்போது, "அங்கே என்னமோ பண்டிகை வருதாமே, நாலு நாள் லீவாமே, என்ன செய்யப் போறீங்க?" என்று கேட்டாய். நான் வாயைத் திறப்பதற்குள் உன் வீட்டுக் குக்கர் கூப்பிட்டுவிட்டது. அந்த ஒரு கேள்வியை வைத்து இங்கே ஒரு பஞ்சாயத்தே நடந்து முடிந்திருக்கிறது. போனில் சொல்லலாம் என்றால் பக்கத்தில் அத்தை இருப்பார்கள். அதனால் தாளில் எழுதி, போட்டோ எடுத்து அனுப்புகிறேன். தபாலில் போட்டால் பண்டிகை முடிந்த பிறகுதான் உன் கைக்கு வரும்.

பண்டிகையின் பெயர் தேங்க்ஸ்கிவிங். நவம்பர் மாதம் நாலாவது வியாழக்கிழமை வரும். லிங்கன் 1863இல் அறிவித்ததிலிருந்து நாடு முழுக்க வருஷா வருஷம் நடக்கிறது. நாலாவது வியாழன் என்று சட்டமே போட்டது 1941இல். புதுத்துணி எடுக்க வேண்டாம், வெடி கிடையாது. சில வீடுகளில் சாப்பிட உட்காரும்போது ஒரு ஜெபம் சொல்வார்கள். மற்றபடி பண்டிகை என்றால் சாப்பாடு, சாப்பாடு என்றால் பண்டிகை. திசைக்கொருவராகப் போன பிள்ளைகள் விமானம் பிடித்தும் நாள் முழுக்கக் கார் ஓட்டியும் அப்பா அம்மா வீட்டுக்கு வந்து சேருவார்கள். மத்தியானம் இரண்டு, மூன்று மணிக்கு உட்கார்ந்தால் எழுந்திருக்கும்போது வெளியே இருட்டாக இருக்கும். (இந்த மாதத்தில் இங்கே நாலரைக்கே இருட்டிவிடும், அது வேறு விஷயம்.)

சாப்பாடு இதுதான் என்று எல்லா வீட்டிலும் முன்பே முடிவாகியிருக்கும். நடுவில் முழு வான்கோழி. அதன் சாறில் செய்த கிரேவி, ரொட்டித் துண்டுகளில் செய்த ஸ்டஃபிங், மசித்த உருளைக்கிழங்கு, பீன்ஸ், கிரான்பெரி சாஸ், கடைசியில் பூசணிக்காய் பை (மாவு ஓட்டுக்குள் பூசணி இனிப்பை வைத்துச் சுடுவது). நம் வீட்டில் பொங்கலுக்குச் சர்க்கரைப் பொங்கல் வேண்டாம், கேசரி கிண்டலாம் என்று யாராவது சொன்னால் அம்மா எப்படிப் பார்ப்பாள்? இங்கே பூசணிக்காய் பை இல்லாமல் மேஜை போட்டாலும் அதே பார்வை விழும்.

நானும் இவரும் எல்லாம் சாப்பிடப் பழகிவிட்டோம் என்பது நம் வீட்டில் உனக்கு மட்டும் தெரியும். பிள்ளைகளுக்கோ பள்ளிக்கூடத்திலேயே வான்கோழி போட்டுவிடுகிறார்கள். அத்தை சுத்த சைவம். ஆகஸ்டில் வந்தார்கள், ஜனவரி கடைசி வரை இருப்பார்கள். அவர்கள் இல்லாத வருஷங்களில் யாராவது நண்பர் வீட்டுக்கு ஒரு பாத்திரம் புளியோதரையோடு போய்விடுவோம். இந்த வருஷம் அந்த நண்பர்கள் டெக்சாஸுக்கு மாறிப் போய்விட்டார்கள்.

ஓட்டலுக்குப் போகலாம் என்று முதலில் சொன்னது நான்தான். எனக்கு ஆஸ்பத்திரி லேபில் புதன் ராத்திரி வரை வேலை, வெள்ளி காலை மறுபடியும். நடுவில் கிடைக்கிற ஒரே நாளில் விடிகாலை எழுந்து, பகல் முழுக்க அடுப்படியில் நின்று, ராத்திரி பாத்திரம் தேய்க்க வேண்டுமா? யாரோ சமைக்கட்டும், யாரோ பரிமாறட்டும், நான் சேலை கட்டிக்கொண்டு போய் உட்காருகிறேன் என்றேன். இவருக்கும் சம்மதம்.

அதுவும் வான்கோழி சமைப்பது நம் ஊர்க் கோழிக்குழம்பு கணக்கு கிடையாது. பெரும்பாலும் உறைந்த நிலையில் பாறை மாதிரி விற்பார்கள். அதை ஃபிரிஜ்ஜுக்குள் வைத்துத்தான் இளக்க வேண்டும். 4, 5 பவுண்டுக்கு ஒரு நாள் என்று கணக்கு. 12 பவுண்டுப் பறவை என்றால் மூன்று நாள் ஃபிரிஜ்ஜில் கிடக்கும். எங்கள் ஃபிரிஜ்ஜில் இட்லி மாவும் அத்தையின் தயிரும் எந்தத் தட்டில் இருக்கும், இது எந்தத் தட்டில் இருக்கும் என்று யோசித்துப் பார்! அப்புறம் ஓவனில் 325 டிகிரி ஃபாரன்ஹீட்டில் மூன்று மணி நேரம். வெந்ததா என்று பிய்த்துப் பார்க்கிற பழக்கம் இங்கே செல்லாது. தொடையின் தடித்த இடத்தில் தெர்மாமீட்டரைக் குத்தினால் 165 டிகிரி ஃபாரன்ஹீட் காட்ட வேண்டும். பட்டர்பால் என்ற வான்கோழிக் கம்பெனி 1981இலிருந்து இதற்கென்றே ஒரு போன் நம்பர் வைத்திருக்கிறது. சந்தேகம் வந்தால் கூப்பிட்டுக் கேட்கலாம். அத்தையிடம் இதைச் சொன்னபோது, "சமைக்கத் தெரியாத ஊருக்குக் கம்பெனிக்காரன் மாமியார் வேலை பார்க்கிறானாக்கும்" என்றார்கள்.

சரி, ஓட்டல் கணக்குக்கு வருகிறேன். பக்கத்து ஊரில் நல்ல ஓட்டல் ஒன்றில் விசாரித்தோம். அன்றைக்கு வழக்கமான மெனு கிடையாது. எல்லோருக்கும் ஒரே விருந்து, பெரியவர்களுக்கு 65 டாலர், பிள்ளைகளுக்கு 30. எங்கள் ஐந்து பேருக்கு 255. அதற்கு மேல் மாநில வரி 6.25 சதவீதம், ஊர் வரி முக்கால் சதவீதம். அப்புறம் டிப்ஸ். இந்த மாநிலத்தில் பரிமாறுகிறவர்களுக்கு முதலாளி மணிக்கு 6.75 டாலர் கொடுத்தால் போதும், மீதிச் சம்பளம் பெரும்பாலும் நம் மேஜையிலிருந்துதான் வரும். பண்டிகை நாளில் தன் வீட்டை விட்டு வந்து பரிமாறுகிற பெண்ணுக்கு 20 சதவீதத்துக்குக் குறைவாக வைக்க இவருக்கு மனசு வராது. எல்லாம் சேர்த்தால் 324 டாலர், நம் பணத்தில் 27,000 ரூபாய்க்கு மேல். ஒன்றரை மணி நேரத்தில் மேஜையைக் காலி செய்ய வேண்டும், அடுத்த கூட்டம் காத்திருக்குமாம்.

வீட்டுக் கணக்கு வேறு. அமெரிக்கன் ஃபார்ம் பீரோ என்ற விவசாயிகள் அமைப்பு 1986இலிருந்து ஒவ்வொரு வருஷமும் கடைகளில் விலை பார்த்து, 10 பேருக்கு இந்த விருந்து சமைக்க எவ்வளவு ஆகும் என்று சொல்கிறது. இந்த வருஷம் 58 டாலர் 8 சென்ட். பத்துப் பேருக்கு! ஓட்டலில் ஒருத்தருக்கே 65. மளிகைச் சாமானுக்கு இங்கே வரியும் கிடையாது. ஆனால் நின்று சமைக்கிறவளின் இடுப்பு வலிக்கு அந்தக் கணக்கில் ஒரு சென்ட்கூடப் போடவில்லை என்பதை இவரிடம் சொன்னேன்.

பணத்தால் என் மனசு மாறவில்லை. வருஷத்தில் ஒரு நாள்தானே, போகட்டும் என்றுதான் இருந்தேன். மெனுவை அத்தைக்கு வாசித்துக் காட்டும்போதுதான் சிக்கல் வந்தது. ஸ்டஃபிங்கில் கோழிச் சாறு. முட்டைக்கோஸ் குஞ்சு மாதிரி ஒரு காய் உண்டு, அதில் பன்றி இறைச்சித் தூள். சைவம் என்று கேட்டால் பூசணி வைத்த ரவியோலி (நம் கொழுக்கட்டை மாதிரி) ஒன்று தருவார்களாம், சீஸ் போட்டு. அத்தை சீஸ் வாடையே ஆகாது என்பார்கள். ஆக அவர்களுக்கு 65 டாலரில் மசித்த உருளைக்கிழங்கும் ஒரு துண்டு பையும்.

அத்தை அதற்கெல்லாம் கோபப்படவில்லை. "எனக்கு மோர் சாதம் போதும், நான் கட்டிக்கொண்டு வருகிறேன். ஆனால் நல்ல நாளும் அதுவுமா அடுப்பு மூட்டாத வீடு எங்கேயாவது உண்டாம்மா?" என்றார்கள். வான்கோழிப் பண்டிகைக்கு வீட்டில் சமைத்தே ஆக வேண்டும் என்று கொடி பிடித்தது, முட்டைகூடத் தொடாத என் மாமியார். நானும் இவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

சமைத்ததைக் கடையில் வாங்கிவிடலாம் என்று இவர் ஒரு சமரசம் சொன்னார். புதன்கிழமை குளிர்ந்த பெட்டியாகத் தருவார்கள், வீட்டில் சூடு செய்தால் போதும். அதை இரண்டு பேருமே ஏற்றுக்கொள்ளவில்லை.

அப்புறம் பக்கத்து நகரமான வூஸ்டரில் எம்.எஸ். படிக்கிற பையன்களின் பேச்சு வந்தது. ஒருவன் சங்கரன்கோவில், இன்னொருவன் கோவில்பட்டி. அந்த நாலு நாளும் வளாகம் வெறிச்சோடிவிடும், சாப்பாட்டுக் கூடம் மூடிவிடும். இந்த மாநிலத்தில் பழைய சட்டம் ஒன்று உண்டு, தேங்க்ஸ்கிவிங் அன்று சூப்பர் மார்க்கெட் திறக்கக்கூடாது. புதன்கிழமை வாங்கி வைக்காதவன் பெட்ரோல் பங்க் கடையில் சிப்ஸ் வாங்கித் தின்ன வேண்டியதுதான். அவர்களை ஓட்டலுக்குக் கூப்பிட்டால் விலையைப் பார்த்துக் கூச்சப்பட்டு வர மாட்டார்கள். வீட்டுக்கு என்றால் இரண்டு பேரைக் கூப்பிட்டு நாலு பேர் வருவார்கள், வரட்டும். ஓட்டலில் ஐந்து நாற்காலி சொன்னால் ஐந்துதான், ஆறாவது ஆளுக்கு மேலாளரிடம் கெஞ்ச வேண்டும்.

எதிர் வீட்டு அம்மாவைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன் அல்லவா, ஓய்வு பெற்ற டீச்சர்? அவர் மகன் அரிசோனாவில். இந்த வாரம் விமான டிக்கெட் விலை கேட்கவே பயமாக இருக்கும், வரவில்லை என்று சொல்லிவிட்டானாம். அவர் வழக்கம்போல 12 பவுண்டு வான்கோழி வாங்கி வைத்துவிட்டு, யாருக்கு இதை வாட்டுவது என்று தபால் பெட்டி அருகே நின்று சொன்னார். அன்று சாயங்காலமே முடிவாகிவிட்டது. வான்கோழி அவர் ஃபிரிஜ்ஜில் இளகி, அவர் ஓவனில் வெந்து, மூன்று மணிக்குத் தெருவைக் கடந்து எங்கள் வீட்டுக்கு வரும். கூடவே பீன்ஸை சூப்பில் கலந்து ஓவனில் சுட்ட பீன்ஸ் கேசரோலும். கேம்ப்பெல் சூப் கம்பெனிச் சமையலறையில் டோர்கஸ் ரைலி என்ற பெண் 1955இல் கண்டுபிடித்த பண்டமாம் அது. எதிர் வீட்டு அம்மா அதை ஏதோ குலதெய்வப் படையல் மாதிரி விடாமல் செய்கிறார்.

வான்கோழிக்குத் தனி மேஜை, தனிக் கத்தி, தனித் தட்டு. அத்தை போட்ட நிபந்தனை இது. நியாயம்தான்.

எங்கள் பக்கம் அத்தை சொதி வைக்கிறார்கள். மறுவீட்டு விருந்துச் சொதியேதான்; தேங்காய்ப் பால் டின்னில், முருங்கைக்காய் உறைந்த பாக்கெட்டில், பயத்தம்பருப்பும் இஞ்சிப் பச்சடியும் எப்போதும் போல. காரம் குறைவு என்பதால் எதிர் வீட்டு அம்மாவும் சாப்பிடலாம். கிரான்பெரியில் தொக்கு ஏற்கெனவே கிண்டியாகிவிட்டது. களாக்காய்ப் புளிப்பு, நல்லெண்ணெயும் வெந்தயமும் போட்டதும் அடையாளமே தெரியவில்லை. அந்தப் பழம் இங்கே பக்கத்தில்தான் விளைகிறது. அக்டோபரில் பிளிமத் என்ற கடற்கரை ஊருக்குப் போகும் வழியில் பார்த்தோம், பழம் பறிக்க வயலில் தண்ணீர் கட்டிவிடுகிறார்கள், சிவப்பாக மிதக்கிறது.

பிளிமத்தில்தான் இந்தப் பண்டிகையின் கதை ஆரம்பிக்கிறது. இங்கிலாந்திலிருந்து மேஃப்ளவர் கப்பலில் 1620இல் குடியேற வந்தவர்களில் பாதிப் பேர் முதல் குளிர்காலத்திலேயே செத்துப் போனார்கள். அடுத்த வருஷம் அறுவடை முடிந்ததும், மிச்சம் இருந்தவர்களும் வாம்பனோவாக் பழங்குடித் தலைவர் மாசசோயிட்டும் அவர் ஆட்கள் 90 பேரும் மூன்று நாள் விருந்து சாப்பிட்டிருக்கிறார்கள். அந்தப் பழங்குடியினர் ஐந்து மான் கொண்டுவந்தார்களாம். இது நமக்குத் தெரிவதே எட்வர்ட் வின்ஸ்லோ என்பவர் இங்கிலாந்தில் இருந்த நண்பருக்கு 1621 டிசம்பரில் எழுதிய கடிதத்தால்தான். அதில் பறவை வேட்டை பற்றி இருக்கிறது, வான்கோழி என்று பெயர் சொல்லி எதுவும் இல்லை. இவர் விளக்கி முடித்ததும் அத்தை, "அவனும் ஊருக்கு லெட்டர் போட்டிருக்கான் பாரு, நீ அம்மாவுக்குப் போடு" என்று என்னைப் பார்த்துச் சொன்னார்கள். இந்தக் கடிதத்துக்கு அதுவும் ஒரு காரணம்.

பெரியவன் மட்டும் ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டிருக்கிறான். அந்தப் பழங்குடியினரின் நிலமெல்லாம் பின்னால் பறிபோனது. அதனால் 1970இலிருந்து பழங்குடி மக்கள் இதே வியாழக்கிழமை பிளிமத்தில் கூடித் துக்க நாள் அனுசரிக்கிறார்கள். பள்ளியில் கேட்டுவிட்டு வந்து, "அப்போ நாம எதுக்குக் கொண்டாடறோம்?" என்றான். இவர் அவனை எதிர் வீட்டு டீச்சரிடம் கேட்கச் சொல்லிவிட்டார். வியாழக்கிழமை மேஜையில் அது கட்டாயம் வரும்.

என் ஓய்வு என்னாயிற்று என்று கேட்பாய். நானும் அன்றைக்கு ஒரு நிபந்தனை போட்டேன். காய் நறுக்குவது இவரும் பையன்களும், சொதி அத்தை பொறுப்பு, பாத்திரம் முழுக்க ஆண்கள். நான் புதன் ராத்திரி வேலை முடிந்து வரும்போது கொத்தமல்லியும் எலுமிச்சையும் பூசணி பையும் வாங்கி வருவேன், வியாழன் எட்டு மணி வரை தூங்குவேன். இவர் ஒப்புக்கொண்டார். எழுதி வாங்கி ஃபிரிஜ் கதவில் ஒட்டியிருக்கிறேன்.

அத்தானின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? எண்ணெய் தேய்த்தால் போதும் என்று இருந்துவிடாமல் டாக்டரிடம் காட்டச் சொல். அம்மாவுக்கு இந்தக் கடிதத்தை வாசிக்கும்போது எங்கே தாவ வேண்டும் என்று உனக்கே தெரியும். நாங்கள் சாப்பிட உட்காரும்போது உங்களுக்கு நடுராத்திரி தாண்டியிருக்கும், அதனால் காலை 9 மணிக்கே கூப்பிடுகிறேன். அங்கே ராத்திரி ஏழரை. அந்த நேரத்துக்குக் குக்கர் வைக்காதே.

அன்புடன்,
உன் தங்கை
செல்வி