மைதானமும் சிகிச்சைதான்

ஆசிரியருக்கு வணக்கம்.

கோகெய்ன், மெத்தாம்பெட்டமின் என்ற, உடலையும் மூளையையும் தூண்டிவிடும் போதைப்பொருட்கள் பற்றிய உங்கள் கட்டுரையில் கடத்தலும் கைதும் பக்கம் பக்கமாக வந்திருந்தன. சிகிச்சைக்கு ஒரே ஒரு பத்தி. அதிலும் உடற்பயிற்சியைப் பொழுதுபோக்கு என்று ஒரு சொல்லில் ஒதுக்கிவிட்டீர்கள். மெத்தாம்பெட்டமினிலிருந்து மீண்டு வரும் ஒருவனுக்கு அக்கா நான். அந்தச் சொல் என்னை உறுத்துகிறது.

ஹெராயினிலிருந்து விடுவிக்க மெத்தடோன், பியூப்ரெனார்ஃபின் என்று மருந்துகள் உண்டு. கோகெய்ன், மெத்தாம்பெட்டமின் போதைக்கு, மருந்துகளுக்கு அனுமதி தரும் அமெரிக்க அமைப்பான எஃப்.டி.ஏ. இன்றுவரை ஒரு மருந்தைக்கூட அங்கீகரிக்கவில்லை. போதையைத் தொடாத நாட்களுக்குச் சிறு பரிசு தரும் முறையும் ஆலோசனையும்தான் இப்போதைக்குக் கைகொடுக்கின்றன. இவற்றோடு சேர்க்கக்கூடிய எதையும் அலட்சியப்படுத்தும் நிலையில் நாம் இல்லை.

நீண்ட நாள் பழக்கம் மூளையில் டோபமின் ஏற்பிகளை, அதாவது சந்தோஷத்தையும் ஊக்கத்தையும் உணரவைக்கும் டோபமின் என்ற ரசாயனத்தை வாங்கிக்கொள்ளும் இடங்களை, குறைத்துவிடுகிறது. சாதாரண சந்தோஷங்கள் ஒட்டுவதே இல்லை. தம்பி வீடு திரும்பிய புதிதில் தனக்குப் பிடித்த பாட்டையே பாதியில் நிறுத்திவிடுவான். வெளியே கிளம்புவான், ஒரு காலில் செருப்பை மாட்டிக்கொண்டு, மறு காலுக்கு மனம் வராமல் வாசற்படியிலேயே உட்கார்ந்திருப்பான். சோம்பேறித்தனம் என்று திட்டியவர்கள் உண்டு. அது நோய்.

கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில், மெத்தாம்பெட்டமினை நிறுத்தியவர்களுக்கு 8 வாரம், வாரம் 3 முறை பயிற்சி கொடுத்து மூளையை ஸ்கேன் எடுத்தார்கள். ஏற்பிகள் மீளத் தொடங்கியது தெரிந்தது. 2016இல் முடிவு வெளியானது. சிறிய குழுதான். 2017இல் வெளியான, 302 பேர் பங்கேற்ற பெரிய ஆய்வில் பயிற்சிக் குழுவுக்கும் சுகாதார வகுப்புக் குழுவுக்கும் போதையைத் தொடாத நாட்களில் மொத்தத்தில் பெரிய வேறுபாடு இல்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் விடாமல் பயிற்சி செய்தவர்களைக் கணக்கில் எடுத்தபோது பலன் தெரிந்தது. ஆக, ஒருவரைத் தொடர்ந்து வரவைப்பது எப்படி என்பதுதான் இப்போதைய கேள்வி. தனியாக ஓடச் சொன்னால் நடக்காது. கூட ஓட ஆள் வேண்டும்.

வாழும் சூழலும் அதேபோல் முக்கியம். பிரான்சின் புவாத்தியே நகரில் 2008இல், கோகெய்னுக்குப் பழகிய சுண்டெலிகளைச் சுழல்சக்கரமும் விளையாட்டுப் பொருட்களும் துணையும் உள்ள பெரிய கூண்டில் விட்டார்கள். போதை நாட்டத்தின் அறிகுறிகள் மறைந்தன. அதே ஆய்வாளர்கள் 2012இல் கண்டதுதான் என்னைத் தூங்கவிடாதது: வளமான கூண்டில் இருந்த எலிகளை வெறும் கூண்டுக்கு மாற்றியபோது கோகெய்ன் அவற்றை எளிதில் பிடித்துக்கொண்டது. எலியும் மனிதனும் ஒன்றல்ல. ஆனாலும் மறுவாழ்வு மையத்தின் கால அட்டவணையிலிருந்து நேராக அதே பழைய அறைக்கு, அதே தனிமைக்குத் திரும்புகிறவர்களை நினைத்துப் பாருங்கள்.

ஒன்றைச் சொல்லாமல் விடக்கூடாது. இந்தப் பொருட்கள் இதயத்தைக் கெடுப்பவை. ஈசிஜி எடுத்து, மருத்துவர் சரி என்ற பிறகே ஓட விட வேண்டும்.

அடுத்த கட்டுரைக்காக மறுவாழ்வு மையங்களுக்குப் போகும் உங்கள் நிருபர், அங்கே மாலை நான்கு மணி முதல் தூங்கும் வரை என்ன நடக்கிறது என்று கேட்கட்டும். வீட்டுக்கு அனுப்பிய பிறகு அந்த மணிநேரங்களுக்கு யார் பொறுப்பு என்றும் கேட்கட்டும்.

இப்படிக்கு,
வாசகி
(பெயர் வெளியிட வேண்டாம்)