மைசூருக்குச் சுற்றுலா வரும் நம் ஊர்க்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

அரண்மனை, சாமுண்டி மலை, பிருந்தாவனம் என்று ஒரே நாளில் ஓடி ஓடிப் பார்த்துவிட்டு, வேன் டிரைவர் நிறுத்தும் கடையில் இறங்கி, அம்பாரி யானை போட்ட மரப்பலகை ஒன்றை வாங்கிக்கொண்டு ஊர் திரும்புகிறீர்கள். அந்தப் பலகையைப் பற்றித்தான் இந்த மடல். நான் மைசூரிலேயே வாழும் தமிழன். மரத்தில் பல நிற மரத்துண்டுகளைப் பதித்துப் படம் அமைக்கும் இன்லே வேலை செய்பவர்களின் பட்டறைகளில் பழகியவன். அவர்கள் கைவேலை என்ற பெயரில் அச்சடித்த படத்தை ஒட்டிய பலகைகள் உங்கள் தலையில் கட்டப்படுவதைப் பார்த்தும் பேசாமல் இருக்க எனக்கு மனம் வரவில்லை.

அசல் வேலையில் நிறம் பெரும்பாலும் மரத்தினுடையது. படத்தைத் தாளில் வரைந்து, ஒவ்வொரு உறுப்பாக நறுக்கி, அந்தந்த நிறத்து மரத்தின் மெல்லிய தகட்டில் ஒட்டுவார்கள். மஞ்சளுக்குப் பலா, கறுப்புக்குக் கருங்காலி என்று போகும். மெல்லிய கம்பி ரம்பத்தால் கோடு பிசகாமல் அறுத்த துண்டை ஈட்டி மரப் (ரோஸ்வுட்) பலகைமேல் வைத்து, ஓரத்தைச் சுற்றிக் கீறிக்கொண்டு, அந்த அளவுக்கு மட்டும் உளியால் பள்ளம் எடுத்துப் பசையிட்டுப் பதிப்பார்கள். யானையின் துதிக்கை ஒரு துண்டு, அம்பாரிக் குடை ஒரு துண்டு, பாகனின் தலைப்பாகை நகக்கண் அளவில் இன்னொரு துண்டு. பள்ளம் மயிரிழை அகன்றால் போதும், இடைவெளி காட்டிக் கொடுத்துவிடும். பிறகு உப்புத்தாள், பாலிஷ். கண், சேலை மடிப்பு போன்ற நுண்கோடுகளை மட்டும் கடைசியில் தூரிகையால் இழுப்பார்கள். ஆகவே கோட்டில் மை இருப்பதை வைத்துப் போலி என்று முடிவுகட்டாதீர்கள்.

பலகையை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். அசலில் ஒவ்வொரு துண்டின் ரேகையும் ஒவ்வொரு பக்கம் ஓடும், பளபளப்பும் துண்டுக்குத் துண்டு மாறும். அச்சுப் படத்தில் எல்லாம் ஒரே தாளாக மின்னும். அடிப்பலகை முழு ஈட்டியா, பிளைவுட் மேல் ஈட்டித் தகடு ஒட்டியதா என்றும் கேளுங்கள். இரண்டாவது வகையிலும் நல்ல வேலை உண்டு, ஆனால் விலை ஒன்றாக இருக்கக் கூடாது. கருங்காலி மாலை மோகத்தில் சாயம் பூசிய மணிக்குக் காசு கொடுத்தவர்கள் நம்மில் எத்தனை பேர்!

முன்பு இந்த வேலையில் வெள்ளைக்குப் பதித்த தந்தம் பற்றியும் சொல்ல வேண்டும். 1897 தீவிபத்துக்குப் பின் கட்டத் தொடங்கி 1912-இல் முடித்த அரண்மனைக்கு, நம் சென்னை உயர் நீதிமன்றக் கட்டடத்திலும் கைவைத்த ஹென்றி இர்வின்தான் கட்டடக் கலைஞர். அங்கே அம்பாவிலாச மண்டபத்துக்குப் போகும் வழியில் தந்தம் பதித்த ஈட்டிக் கதவு இருக்கிறது, நின்று பாருங்கள். தந்த வியாபாரத்துக்குத் தடை வந்தபின் அந்த வெள்ளைக்குப் பிளாஸ்டிக்கும் வெளிர் மரமும் வந்தன. கலை அதனால் குறைந்துபோகவில்லை. "பழைய தந்தம் சார்" என்று எவராவது ரகசியமாக நீட்டினால் வாங்காதீர்கள், அது குற்றம்.

ஈட்டியும் எளிதில் கிடைக்கும் மரமல்ல. மெதுவாக வளர்வது. 2017 ஜனவரி முதல் அதன் பன்னாட்டு வணிகம் அருகிவரும் உயிரினங்களைக் காக்கும் சைட்டிஸ் என்ற பன்னாட்டு ஒப்பந்தக் கட்டுப்பாட்டில் இருக்கிறது. வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைகளுக்கு அனுப்பப் போகிறவர்கள் விதிகளை விசாரித்து, மரத்தின் பெயர் எழுதிய பில்லோடு வாங்குங்கள்.

மைசூர் ரோஸ்வுட் இன்லேவுக்குப் புவிசார் குறியீடு உண்டு. ஆனால் வாங்குகிறவர் கேட்காதவரை அந்தக் குறியீட்டால் பட்டறைக்காரருக்கு என்ன பயன்? டிரைவர் கமிஷனுக்கும் கடைக்காரர் லாபத்துக்கும் போனது போக அவர் கைக்கு வருவது சொற்பம். அதிலும் நாம் பாதி விலைக்குப் பேரம் பேசுகிறோம். அடுத்த முறை டிரைவரிடம், "கடை வேண்டாம், மண்டி மொஹல்லா பக்கம் வேலை நடக்கிற இடத்துக்கு விடுங்க" என்று சொல்லுங்கள். செய்தவரிடமே விலை கேளுங்கள். சின்னதாக ஒரு நகைப்பெட்டி வாங்கினாலும் போதும்.

அன்புடன்,
மைசூர்வாழ் தமிழன் ஒருவன்