சிவப்புப் பென்சில் கோடு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே இருவரும் நலம். உன் அம்மாவின் கால்வலி குறைந்திருக்கிறது. கேட்டால் இல்லை என்பாள், நம்பாதே. மாடிக் கதவுக்குப் புதுத் தாழ்ப்பாள் போட்டாயிற்று. வேறு செய்தி இல்லை.

காலநிலை மாநாட்டுக்குப் போனவர்களின் பட்டியல் வந்ததும் வழக்கம்போலத் திறந்து பார்த்தேன். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இரண்டாம் முறையும் பார்த்தேன். ஆயிரக்கணக்கான பெயர்களில் ஒன்றிரண்டு விட்டுப்போவது சகஜம்தான். நான் எதுவும் கேட்கவில்லை. "நலம்" என்று ஒற்றைச் சொல்லில் பதில் அனுப்புகிறாய், அதுவே போதும். நேரத்துக்குத் தூங்கு.

போன முறை நீ வந்திருந்தபோது சாப்பாட்டு மேசையில் நான் பேசியது தவறு. "1995இல் பெர்லினில் தொடங்கி இன்றுவரை கூடிக் கூடிக் கலைகிறீர்கள், ஒரு முழம் கால்வாய் வெட்டியிருக்கிறீர்களா?" என்று கேட்டேன். உன் தம்பி சிரித்தான்; அவனுக்கு எல்லாமே சிரிப்புத்தான். நீ தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாய். ஆனால் நீயும் ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லியிருக்கலாம். அப்பாவோடு சண்டை போட உனக்குத் தெரியாததா என்ன?

அதன் பிறகு நிறையப் படித்தேன். ஓய்வுபெற்றவனுக்கு நேரத்துக்கா பஞ்சம்? 2009இல் பள்ளிக்கூடத் தேர்வையும் விட்டுவிட்டு நள்ளிரவு வரை தொலைக்காட்சி முன் உட்கார்ந்திருந்தாயே, அந்தக் கோபன்ஹேகன் மாநாட்டிலிருந்தே ஆரம்பித்தேன். தலைவர்கள் அத்தனை பேரும் வந்தார்கள். முடிவில் ஓர் உடன்பாட்டைக் "கவனத்தில் கொள்கிறோம்" என்று எழுதிவிட்டுப் போனார்கள். 2020க்குள் ஏழை நாடுகளுக்கு ஆண்டுக்கு 10,000 கோடி டாலர் திரட்டித் தருவோம் என்றார்கள். அந்தத் தொகை 2022இல்தான் எட்டப்பட்டது.

அதே ஊரில் 2011 ஜூலை 2ஆம் தேதி மழை கொட்டியது. மூன்று மணி நேரத்துக்குள் 100 மில்லிமீட்டருக்கு மேல். நகராட்சி மறு ஆண்டே ஒரு திட்டம் போட்டது. பூங்காக்களைப் பள்ளமாக்கி மழைநீரைத் தேக்குவது, தெருக்களின் சரிவை மாற்றி வெள்ளத்தைத் துறைமுகத்துக்கு ஓட்டிவிடுவது என்று ஏறக்குறைய 300 வேலைகள். வரைபடங்களைப் பார்த்தேன் பாப்பா. என் கை பரபரத்தது. விளையாட்டுத் திடலே மழை நாளில் குளமாகிவிடுகிறது! உடனே உன்னைக் கூப்பிட்டு, "பார், உங்கள் மாநாடு தோற்ற ஊரில் நகராட்சி ஜெயித்துவிட்டது" என்று சொல்ல நினைத்தேன்.

நல்லவேளை, கூப்பிடவில்லை. அதே நகராட்சி 2025க்குள் கரியமில வாயுக் கணக்கைப் பூஜ்யமாக்குவோம் என்று அறிவித்திருந்தது. 2022இல் முடியாது என்று ஒப்புக்கொண்டது. குப்பை எரிக்கும் ஆலையின் புகையிலிருந்து அந்த வாயுவைப் பிரித்தெடுக்க தேசிய அரசின் நிதியை நம்பியிருந்தார்கள்; அந்த ஆலை நிதிக்கான நிபந்தனைகளுக்குள் வரவில்லை. வெள்ளத்தை வடிக்க நகராட்சியால் முடிந்தது. புகையை நிறுத்த மேலே இருப்பவர்களின் கையெழுத்து வேண்டியிருந்தது.

தேசிய அரசுகளையும் விட்டுவைக்கவில்லை. பிரிட்டன் 2008இல் ஒரு சட்டம் போட்டது. ஐந்தாண்டுக்கு இவ்வளவுதான் புகை என்று அரசே தனக்கு வரம்பு வைத்துக்கொண்டது; கேள்வி கேட்க ஒரு தனிக் குழுவும் உண்டு. 2012இல் அவர்களுடைய மின்சாரத்தில் 40 சதவீதத்துக்குப் பக்கமாக நிலக்கரியிலிருந்து வந்தது. 2024 செப்டம்பர் 30 அன்று கடைசி நிலக்கரி மின்நிலையத்தையும் மூடிவிட்டார்கள். ஆஸ்திரேலியாவோ 2012இல் புகைக்கு விலை வைத்தது, ஆட்சி மாறியதும் 2014இல் எடுத்துவிட்டது.

பாரிஸ் ஒப்பந்தத்தைப் பல் இல்லாத காகிதம் என்று நான் சொன்னபோது, "பல் வைத்திருந்தால் பாதிப் பேர் வந்தே இருக்க மாட்டார்கள் அப்பா" என்றாய். அதற்கு முன் கியோட்டோவில் போட்ட புகைக் குறைப்பு ஒப்பந்தத்திலிருந்து 2011இல் கனடா விலகியபோது யாராலும் தடுக்க முடியவில்லை. ஆனால் ஓசோன் படலத்தைக் காக்க 1987இல் மாண்ட்ரியலில் போட்ட ஒப்பந்தத்துக்குப் பல் இருந்ததே! சேராத நாட்டோடு ஓசோனைக் கெடுக்கும் வாயுக்களில் வியாபாரம் கிடையாது என்றார்கள், ஏழை நாடுகளுக்கு நிதியும் வைத்தார்கள், எல்லா நாடுகளும் வந்தன. ஒருசில வாயுக்களை நிறுத்துவதும் நிலக்கரியையும் எண்ணெயையும் நிறுத்துவதும் ஒன்றா என்று நீ கேட்பாய். கேள். போனில் கேள். நேரத்துக்குத் தூங்குகிறாயா?

இதையெல்லாம் சொல்லத்தான் உட்கார்ந்தேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இல்லை போலிருக்கிறது.

உனக்கு ஒன்பது வயது. கட்டிலின் மேல் உட்கார்ந்திருந்தாய், உன் புத்தகப்பை கூடத்தில் மிதந்துகொண்டிருந்தது. மறுநாள் "ஏன் அப்பா தண்ணீர் வந்தது?" என்று கேட்டாய். வானம் பொத்துக்கொண்டு ஊற்றினால் யார் என்ன செய்ய முடியும் என்றேன். மேற்படிப்புக்கு நீ எழுதிய விண்ணப்பத்தில் அந்த இரவைத்தான் முதல் பத்தியாக வைத்தாய். படித்துவிட்டு அழுதேன். பெருமையில் அழுகிறேன் என்று உன் அம்மா நினைத்தாள்.

பெரிய மழைதான், பொய்யில்லை. ஆனால் நம் தெருவுக்குப் பின்னால் ஓடிய வடிகால் முன்பு 12 அடி அகலம். அதை 4 அடியாக்கி, மேலே கான்கிரீட் பலகை போட்டு, மிச்ச இடத்தில் வண்டிகள் நிறுத்த வேண்டும் என்று மேலிடத்திலிருந்து வாய்மொழியாக வந்தது. கணக்குப் போட்டுப் பார்த்தேன். தாங்காது. அந்தக் கணக்குத் தாளை நாலாக மடித்து மேசை இழுப்பறையில் போட்டுவிட்டு, வரைபடத்தில் சிவப்புப் பென்சிலால் புதுக் கோடு இழுத்துக் கையெழுத்துப் போட்டேன். பதவி உயர்வு வரவேண்டிய வருடம் அது. வந்தது. உன் நீலச் சைக்கிள் அந்தச் சம்பளத்தில் வாங்கியது.

நீங்கள் ஏறக்குறைய 200 நாடுகளை ஒரு வாக்கியத்துக்குச் சம்மதிக்க வைக்க விடிய விடிய உட்கார்ந்திருக்கிறீர்கள். எனக்கு முன்னால் ஒரே ஒரு ஆள் உட்கார்ந்திருந்தார். அவரிடம் முடியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அப்படிப்பட்டவன்தான் அன்று மேசையில் உன்னைக் கேலி செய்தான்.

வேலையை விட்டிருந்தாலும் சரி, விடாவிட்டாலும் சரி. நான் கேட்கவில்லை.

வரைபடத்தின் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன். கறுப்புக் கோடு பழைய அகலம், சிவப்பு என்னுடையது. உன் அம்மாவுக்கு இன்னும் சொல்லவில்லை. அவள் ஆறரைக்குத்தான் எழுந்திருப்பாள். அதற்கு முன்னால் கூப்பிட்டால் நான்தான் எடுப்பேன்.

அப்பா