ஆரஞ்சுக் கொடிக்கும் ஒரு கம்பம்

ஐந்தோவன்,
12 ஜூலை 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் நலம். அம்மாவுக்கு முட்டுவலி எப்படி இருக்கிறது? மருந்தை நடுவில் நிறுத்த விடாதீர்கள். பணம் திங்கட்கிழமை வந்து சேரும்.

புதன்கிழமை எங்கள் நெதர்லாந்து இங்கிலாந்திடம் தோற்ற யூரோ ஆட்டத்தைப் பார்த்திருப்பீர்கள். அன்றைக்குப் போனில் பேச எனக்குத் தெம்பில்லை. இங்கே ஒரு மாதமாகத் தெருவுக்குத் தெரு எங்கள் அணியின் நிறமான ஆரஞ்சுத் தோரணம்தான். நம்ம தூத்தூரில் உலகக்கோப்பை வந்தால் எப்படி இருக்குமோ, அப்படியே. கோயில் திருவிழாபோல ஊரே சட்டை மாற்றிக்கொள்கிறது. போட்டி நடக்கும் ஜெர்மனியில் மைதானத்துக்குப் போகும் வழியெல்லாம் ஆயிரக்கணக்கான பேர் ஒரே சமயத்தில் இடப்பக்கம் குதித்து, வலப்பக்கம் குதித்து ஊர்வலம் போனதை டிவியில் காட்டினார்களே, அதையே எங்கள் தெருப் பிள்ளைகளும் ஆடினார்கள்.

ஐரோப்பிய நாடுகளின் கோப்பையான யூரோவில் எங்களுக்கு 20 வருடம் கழித்து ஒரு செமி ஃபைனல். ஏழாவது நிமிடமே எங்கள் சாவி சிமன்ஸ் பந்தைப் பறித்து, தூரத்திலிருந்தே அடித்தான். 21 வயதுப் பையன்! 18-ஆம் நிமிடம் பெனால்டியில் இங்கிலாந்தின் ஹாரி கேன் சமன் செய்தான். எக்ஸ்ட்ரா டைம்தான் என்று எல்லாரும் மூச்சை இழுத்துப் பிடித்திருந்த நேரத்தில் அவர்களின் வாட்கின்ஸ் திரும்பி அடித்த பந்து ஓரமாக உள்ளே போய்விட்டது. இரவு பத்தரைக்கு மேலே ஆகியும் வெளியே முழுசாக இருட்டவில்லை. தெருவில் ஒரு சத்தமில்லை.

உங்கள் அர்ஜென்டினா எங்களுக்குச் செய்தது இதைவிடக் கொடுமை அண்ணா. 2014 உலகக்கோப்பையில் பெனால்டி ஷூட்அவுட். 2022 உலகக்கோப்பையில் கத்தாரின் லுசைல் மைதானத்தில் மறுபடி பெனால்டி ஷூட்அவுட். அந்த ஆட்டத்தின் 101-ஆவது நிமிட ஃப்ரீ கிக்கை நான் எத்தனை முறை போட்டுப் பார்த்தாலும் அலுக்காது. எல்லாரும் நேரே கோலுக்கு அடிப்பான் என்று காத்திருக்க, எங்கள் கோப்மைனர்ஸ் பந்தைத் தரையோடு உருட்டிவிட, வெக்ஹோர்ஸ்ட் அடித்து 2-2. அதற்குப் பிறகும் தோற்றோம். விடியற்காலையில் நீங்கள் ஜங்ஷனில் வெடி போட்ட வீடியோவை அண்ணி அனுப்பியிருந்தாள்.

இவ்வளவுக்குப் பிறகும் எனக்கு ஏன் மனம் விடவில்லை என்று கேட்பீர்கள். பக்கத்து வீட்டுப் பெரியவர், எழுபதைத் தாண்டியவர், மறுநாள் காலையில் ரொட்டி வாங்கப் போகும்போதும் ஆரஞ்சுத் தொப்பியோடுதான் போனார். 1974 உலகக்கோப்பை ஃபைனலைப் பற்றி அவர்தான் விவரமாகச் சொன்னார். மூனிக் மைதானம். ஜெர்மன்காரன் கால் பந்தில் படுவதற்கு முன்பே எங்கள் நீஸ்கன்ஸ் பெனால்டியில் கோல் போட்டுவிட்டான். கடைசியில் 2-1 தோல்வி. 78-ல் இன்னொரு ஃபைனல், அதுவும் போனது. 82, 86 உலகக்கோப்பைகளுக்குத் தகுதிகூடப் பெறவில்லை. அதோடு முடிந்தது கதை என்றுதான் யாரும் நினைப்பார்கள். 1988-ல் அதே மூனிக் மைதானத்தில், 74-ல் தோற்ற அதே பயிற்சியாளர் மிகெல்ஸ், சோவியத் அணியை 2-0 என்று வென்று யூரோ கோப்பையைத் தூக்கினார். கோலே தெரியாத ஒரு கோணத்திலிருந்து, பந்தைத் தரையில் விழவிடாமல் வான் பாஸ்டன் அடித்த கோல் அந்த ஆட்டத்தில்தான். அன்று பின்வரிசையில் ஆடிய கூமான்தான் இப்போதைய பயிற்சியாளர். அவர் கையில் சிமன்ஸ் மாதிரி பையன்கள் இருக்கும்போது நான் எப்படி நம்பாமல் இருப்பேன்?

வேலை பரவாயில்லை. குளிர்காலம்தான் இன்னும் பழகவில்லை. நாலரைக்கெல்லாம் இருட்டிவிடும், மழை வேறு விடாது.

சின்னவனுக்கு ஆரஞ்சுச் சட்டை ஒன்று எடுத்து வைத்திருக்கிறேன். அதற்குள் அர்ஜென்டினாவின் நீலம் வெள்ளை வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். 2026 உலகக்கோப்பை சமயத்தில் ஊரில் இருக்கிற மாதிரி லீவு கேட்கப்போகிறேன். உங்கள் கொடிக்கும் பிரேசில் கொடிக்கும் நடுவே எனக்கு ஒரு கம்பம் பிடித்து வையுங்கள். உயரமாக இருக்கட்டும்.

அன்புடன்,
உங்கள் தம்பி