ஆறு தேத்தண்ணிக் குவளை வை

அன்பு மகளுக்கு,

இஸ்லாமாபாத்திலிருந்து வின்னிபெக்குக்கு வரும் ஆப்கான் அகதிக் குடும்பத்துக்கு உங்கள் குழு வைக்கப்போகும் வரவேற்புக் கூடைக்கென்று நீ அனுப்பிய சாமான் பட்டியலை அப்பாவும் நானும் இருந்து வாசித்தோம். முடிவு வரைக்கும் வாசித்துவிட்டு, "இது வரவேற்புக் கூடையா, சீதனமா?" என்று அப்பா கேட்டார். அவர் அப்படித்தான். ஆனால் பட்டியலைத் திருப்பித் தரவில்லை, பேனாவால் ஏதோ கீறிக்கொண்டிருக்கிறார்.

எனக்கு அதில் முதலில் கண்ணில் பட்டது குவளைக் கணக்கு. எல்லாம் நான்கு நான்காக எழுதியிருக்கிறீர்கள்: நான்கு கோப்பை, நான்கு குவளை, நான்கு கரண்டி. தாய், தகப்பன், இரண்டு பிள்ளைகள், கணக்குச் சரிதான். ஆனால் அவர்கள் வந்த கிழமையே உங்கள் குழுவில் இரண்டு பேராவது போய்க் கதவைத் தட்டப் போகிறீர்கள். அந்தத் தாய் உங்களுக்கு எதில் தேத்தண்ணி தருவார்? வீட்டுக்கு வந்தவரை வெறும் வாயோடு அனுப்புவது ஆப்கானியர்களுக்கும் மானக்கேடுதான். தான் குடிக்காமல் தன் குவளையைக் கழுவி உனக்குத் தருவார். அதனால் ஆறு வை, எட்டு வைத்தால் இன்னும் நல்லது. விமானம் இறங்கிய நேரத்திலிருந்து பார்க்கிறவர்களிடம் எல்லாம் வாங்கிக்கொண்டே இருக்கிறவர்களுக்கு, திருப்பிக் கொடுக்க ஏதாவது ஒன்று கையில் இருக்கவேண்டும். நான் இந்தக் கடிதம் எழுதுவதே இதைச் சொல்லத்தான். மற்றதெல்லாம் சாமான் கணக்கு.

ஆட்கள் குழுவாகச் சேர்ந்து ஓர் அகதிக் குடும்பத்தைப் பொறுப்பெடுக்கும், நீங்கள் செய்கிற இந்த முறை கனடாவில் 1979இல் தொடங்கியது. வியட்நாம், கம்போடியா, லாவோஸ் பக்கமிருந்து 1979, 1980 என்ற இரண்டு வருடத்துக்குள் 60,000 பேர் வந்தார்கள். பாதிக்கு மேற்பட்டவர்களைச் சாதாரணச் சனங்கள்தான் பொறுப்பெடுத்தார்கள். அதற்காக 1986இல் கனடா மக்களுக்கே, அகதிகளுக்கு உதவியவர்களுக்கு ஐ.நா. கொடுக்கும் நான்சென் பதக்கம் கிடைத்தது. அதே வருடம் ஆகஸ்டில்தான் எங்கள் ஈழத்தமிழ் ஆட்கள் 155 பேர் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் கனடாவின் கிழக்குக் கரையில் நியூஃபவுண்ட்லாந்துக்கு அப்பால் தத்தளித்து, மீனவர்கள் கண்டு கரைசேர்த்தார்கள். எங்களில் கனபேர் அப்படித்தான், யாருடைய பட்டியலிலும் இல்லாமல் வந்தவர்கள். விமான நிலையத்தில் பெயர் எழுதிய அட்டையோடு ஒருவரும் நிற்கவில்லை.

எங்களுக்கும் ஒரு பெட்டி கிடைத்தது, கொஞ்சம் பிந்தி. பெட்டி நிறைய ரின் சூப். திறக்கிற சாமான் மட்டும் இல்லை. அப்பா திருப்புளியும் சுத்தியலுமாகக் குந்தியிருந்து ஒன்றைத் திறந்தார். சூப் பாதி நிலத்தில், பாதி அவருடைய சட்டையில். தந்தவர்கள் நல்ல மனதோடுதான் தந்தார்கள். சாப்பிடப் போகிறவர் அதை எப்படித் திறப்பார், எதில் சூடாக்குவார் என்று கடைசிவரை யோசிக்கவில்லை, அவ்வளவுதான். நீங்கள் ரின் கடலை வைப்பதென்றால் திறக்கிற சாமானை அதன் மேலேயே வையுங்கள்.

சாப்பாட்டுக்கு நீளமான பாஸ்மதி அரிசி, ஒரு பெரிய பையாகவே வாங்கு. பச்சைத் தேயிலை, ஏலக்காய், சீனி, எண்ணெய், உப்பு, வெங்காயம், உள்ளி, சீரகம், பருப்பு, காய்ந்த முந்திரிகை, பாதாம். இவ்வளவும் இருந்தால் அந்தப் பெண் தன் கையாலேயே இரண்டு நாள் சமாளிப்பார். முதல் இரவுக்கு மட்டும் சமைத்த சாப்பாடு, ஹலால் கடையில் வாங்கியது. பிள்ளைகளுக்கு இனிப்பு வாங்கும்போது பெட்டியின் பின்பக்கத்தை வாசி. ஜெலற்றின் என்று போட்டிருந்தால் வேண்டாம், அது பன்றியிலிருந்தும் எடுப்பது. மேப்பிள் சிரப்பை யாராவது ஒருவர் எப்படியும் கொண்டுவரத்தான் போகிறார், அதைத் தடுத்து நல்ல பெயரைக் கெடுத்துக்கொள்ளாதே. அதோடு ஒரு பெரிய தேமொஸ் பிளாஸ்க். தேத்தண்ணியை ஒருதரம் ஊற்றி நாள் முழுக்க வைத்துக் குடிப்பவர்கள், அது இல்லாமல் கை உடைந்தமாதிரி இருக்கும்.

மின்சாமான் விஷயத்தில் அப்பா சொல்வதைக் கேள். இஸ்லாமாபாத்திலிருந்து அவர்கள் கேத்திலோ மிக்சியோ கொண்டுவந்தால் இங்கே சரியாக வேலை செய்யாது. அங்கே 230 வோல்ட், இங்கே 120. முனையை மாற்றும் சிறிய கட்டை வாங்கிக் கொடுத்தால் முனை பொருந்துமே தவிர கேத்தில் ஒழுங்காகச் சூடாகாது. போன் சார்ஜருக்கு மட்டும் அந்தக் கட்டை போதும், சார்ஜர் இரண்டு மின்சாரத்தையும் தாங்கும். ஆகவே இங்கத்தைய கேத்தில் ஒன்று கட்டாயம்.

வீட்டுக்குள் வந்ததும் அவர்கள் முதலில் தேடப்போவது உங்கள் கூடையை அல்ல, வைஃபையை. கடவுச்சொல்லைப் பெரிய எழுத்தில் எழுதிக் கதவுக்குப் பின்னால் ஒட்டு. தை மாதத்தில் வின்னிபெக்கில் இரவு ஒன்பது மணி என்றால் காபூலில் மறுநாள் காலை ஏழரை. அங்கே யாராவது போனைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருப்பார்கள். அவர்கள் பேசி முடிக்கும் வரையாவது நீங்கள் அடுப்பையும் அலுமாரியையும் காட்டி விளக்கம் சொல்லாமல் வெளிக்கிடுங்கள்.

அடுப்பு என்றதும் நினைவுக்கு வருகிறது, புகை அலாரம். வெங்காயம் பொரிக்கிற எந்தச் சனத்துக்கும் இந்த நாட்டில் அது முதல் எதிரி. அலாரம் அடித்ததும் பயத்தில் வாசல் கதவைத் திறப்பார்கள், புகை நடைபாதைக்குப் போகும், பிறகு முழுக் கட்டடத்துக்கும் அடித்துத் தீயணைப்பு வண்டி வந்து நிற்கும். அன்றைக்குப் பட்ட வெட்கத்தில் ஒரு மாதம் ஒன்றும் பொரிக்கமாட்டார்கள். ஜன்னலைத் திற, அடுப்புக்கு மேலே இருக்கும் விசிறியைப் போடு, வாசல் கதவைத் திறக்காதே என்று படமாகக் கீறி அடுப்படியில் ஒட்டிவிடு. எழுத்தாகவும் வைப்பதென்றால், அவர்கள் பேசுவது தாரியா பஷ்தோவா என்று கேட்டு, அந்தப் பாஷை தெரிந்த ஒருவரிடம் எழுதுவி. போன் மொழிபெயர்ப்பை நம்பாதே. அதே தாளில் வீட்டு விலாசம், அவசரத்துக்கு அடிக்கும் 911, உங்கள் இரண்டு பேருடைய நம்பர். போதும். பத்து நம்பர் கொடுத்தால் ஒன்றுக்கும் அடிக்கமாட்டார்கள்.

குளிருக்குச் சப்பாத்து வாங்கி வைக்காதே. அளவு தெரியாமல் வாங்கியது ஒருவருக்கும் ஆகாது, அடுத்த நாள் கூட்டிக்கொண்டு போய்ப் போட்டுப்பார்த்து வாங்கு. விமான நிலையத்துக்கு மட்டும் கடன் வாங்கியாவது பெரிய ஜக்கெற்றுகள் கொண்டுபோ. கூடைக்குள் கம்பளிச் சொக்ஸ், தொப்பி, வாஸ்லின், பெருவிரலுக்கு மட்டும் தனி அறை வைத்த கையுறை. ஐந்து விரலும் தனித்தனியாக இருப்பது வடிவுதான், சூடு நிற்காது. தாய்க்குத் தலைத்துணிக்கு மேலே போடக்கூடிய அகலமான தொப்பி பார். காற்றோடு சேர்த்துக் குளிர் -28க்குக் கீழே போனால் மூடாத தோல் பத்திலிருந்து முப்பது நிமிடத்துக்குள் உறைந்துவிடும் என்று அவர்களிடம் பகிடியாக இல்லாமல் சொல். புதிதாக வந்தவர்கள் வெயிலைப் பார்த்து ஏமாந்து வெளியே நடப்பார்கள்.

பட்டியலில் இல்லாத ஒன்று, கழிவறைக்கு ஒரு தண்ணீர்ச் செம்பு. நீ சிரிப்பாய். மூக்கு வைத்த பிளாஸ்டிக் குவளை, பூங்கன்றுக்குத் தண்ணீர் ஊற்றும் சின்னது என்றாலும் சரி. கேட்க வெட்கப்படும் சாமானைத்தான் கேட்காமல் வைக்கவேண்டும்.

செலோபேன் தாளும் ரிபனும் சுற்றிய பிரம்புக்கூடை வேண்டாம். ஊத்தை உடுப்புப் போடும் பெரிய பிளாஸ்டிக் கூடையை வாங்கி எல்லாவற்றையும் அதற்குள் அடுக்கு. காசு போட்டுத் தோய்க்கும் மெஷின் கீழ்மாடியில் என்று எழுதியிருந்தாய், அதற்குச் சவர்க்காரத்தூளும் ஒரு சின்னப் பை நிறையச் சில்லறையும். பஸ்ஸுக்குப் பெக்கோ அட்டை. கடைக்குப் போகும் முதல் நாள் கூடப் போ. இறாக்கையில் போட்டிருக்கும் விலை வேறு, கல்லாவில் கேட்கும் விலை வேறு என்பதை நேரில் பார்த்தால்தான் விளங்கும். சாப்பாட்டுச் சாமான் பெரும்பாலும் வரிக்குத் தப்பும், சவர்க்காரம் சட்டி பானை என்று போனால் உங்கள் மானிற்றோபா மாகாணத்தில் மத்திய அரசுக்கு ஐந்தும் மாகாணத்துக்கு ஏழுமாகப் பன்னிரண்டு வீதம் வரி. ஒரு சத நாணயம் 2013இலேயே புழக்கத்திலிருந்து எடுபட்டது. காசாகக் கொடுத்தால் ஐந்து சதத்துக்குக் கூட்டியோ குறைத்தோ எடுப்பார்கள், ஏமாற்றுகிறார்கள் என்று அந்த மனுஷன் நினைக்கக்கூடாது.

பாவித்த கரடிபொம்மைகளை யாராவது மூட்டையாகக் கட்டிக்கொண்டு வந்தால் நன்றி சொல்லி வாங்கி உன் காருக்குள்ளேயே வை. பிள்ளைக்கு ஒரு புதுக் கலர்பென்சில் பெட்டி, உறையைத் தானே கிழிக்கட்டும். கொடி, சமயப் புத்தகம் ஒன்றும் வேண்டாம். கூடையைக் கொடுக்கும்போது படம் எடுக்காதே. பொறுப்பெடுத்தவர்கள் ஒரு வருடம் அவர்களோடு கூடவே நிற்கப்போகிறவர்கள், படத்துக்கு வேண்டிய நேரம் இருக்கிறது. அவர்களாகக் கேட்டால் எடு.

முதல் தரம் போகும்போது வாசலில் சப்பாத்தைக் கழற்று, அரை மணித்தியாலத்துக்கு மேல் இருக்காதே. தேத்தண்ணி தந்தால் குடி, இரண்டாவது குவளையும் ஊற்றுவார்கள், அதையும் குடி. சீனி கூடத்தான் இருக்கும். நீ சீனியை விட்டுவிட்டாய் என்ற கதையை அங்கே எடுக்காதே.

குவளைகளைப் பத்திரிகைத் தாளில் சுற்றிப் பெட்டி கட்டியாயிற்று. நாளைக்கு அப்பா தபாலில் போடுவார். வந்து சேர்ந்ததும் உடைந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போன் எடு.

அன்புடன்,
அம்மா