போத்தலில் வந்த பாடம்

ஆசிரியர் அவர்களுக்கு,

கொழும்பில் தமிழ்மொழி மூலம் தரம் 9 மாணவர்களுக்குப் புவியியல் கற்பிக்கிறேன். ‘உலகளாவிய சூழல் பிரச்சினைகள்’ என்று கரும்பலகையில் எழுதினாலே பிள்ளைகளின் முகம் வாடிவிடும். போன மாதம் ஒரு ஜாம் போத்தலைக் கொண்டுபோனேன். உள்ளே, 2021 இல் கொழும்புக்கு அருகே கடலில் எக்ஸ்பிரஸ் பேர்ள் என்ற சரக்குக் கப்பல் எரிந்தபின் கரையொதுங்கிய பிளாஸ்டிக் மணிகள். பயறளவில், வெள்ளையாக, சில கருகியும். சிங்கப்பூர்க் கொடியோடு வந்த கப்பலின் சரக்கு நம் கரைக்கு ஏன் வந்தது, நட்டஈடு யார் கொடுப்பது என்று கேள்விமேல் கேள்வி. 2025 ஜூலையில் உயர் நீதிமன்றம் கப்பல் தரப்பினர் 100 கோடி அமெரிக்க டொலர் நட்டஈடு செலுத்த உத்தரவிட்ட செய்தியை வாசித்துக் காட்டினேன். கப்பல் எரிந்த நாட்களில் தன் அப்பா மீன்பிடிக்கக் கடலுக்கே போகவில்லை என்றான் முகத்துவாரத்து மாணவன் ஒருவன். பாடவேளை முடிந்தும் யாரும் எழும்பவில்லை.

இந்த ஒரு பாடத்தைத் தயாரிக்க எனக்கு மூன்று இரவுகள் பிடித்தன. குறிப்புகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் கிடைத்தன. தமிழில் நானே எழுதினேன். கைக்குழந்தையோடு இருக்கும் பக்கத்து வகுப்பு ஆசிரியை எப்போது எழுதுவார்? தேசிய கல்வி நிறுவகம் இத்தகைய உள்ளூர் உதாரணங்களைத் தமிழில் சிறு கையேடுகளாகத் தர வேண்டும். பிரதி எடுக்கும் செலவுக்கும் வழி செய்ய வேண்டும்; இப்போது அது எங்கள் சம்பளத்திலிருந்துதான் போகிறது.

ஓர் ஆசிரியை,
கொழும்பு 15